கோட் தூ ரோன் சிவப்பு ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உருவாகும் சிவப்பு ஒயினைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

கோட் தூ ரோன் என்பது ஒரு கம்பெனியின் பெயரா? கடையில் வேறு வேறு லேபிளில் இருக்கிறதே?

கம்பெனியின் பெயர் அன்று, இடத்தின் பெயர். ரோன் ஆற்றின் இரு கரைகளிலும், வடக்கே வியென் நகரிலிருந்து தெற்கே அவின்யோன் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்தில், ஆறு மாவட்டங்களைச் சேர்ந்த 171 ஊர்களில் விளைந்த திராட்சையைக் கொண்டு, வகுக்கப்பட்ட விதிகளின்படி செய்த ஒயினுக்கு மட்டுமே இந்தப் பெயரை வைக்கலாம். இந்த இடப்பெயர் உரிமை 1937-இல் சட்டமாயிற்று.

அந்த எல்லைக்குள் குடும்பத் தோட்டங்கள் இருக்கின்றன, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, பலரிடம் ஒயினை வாங்கிக் கலந்து பாட்டிலில் அடைக்கும் வணிகர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் இதே பெயரைத்தான் அச்சிடுகிறார்கள். ஆகவே ஒரு பாட்டில் பிடிக்கவில்லை என்பதற்காக முழுப் பகுதியையும் தள்ளிவிட வேண்டாம். தயாரித்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை வேறொருவருடையதை வாங்கிப் பாருங்கள்.

பிரான்சின் தெற்கு என்றால் சரியாக எந்த இடம்?

ரோன் பள்ளத்தாக்கு இரண்டு வேறுபட்ட நிலங்களாகப் பிரிகிறது. வடக்கே ஆறு குறுகி, செங்குத்தான கருங்கல் சரிவுகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே சிவப்பு ஒயினுக்கு சிரா என்ற ஒரே திராட்சைதான். மொன்தெலிமாரைத் தாண்டியதும் நிலம் விரிகிறது. ஒலிவ மரங்களும் லாவெண்டர் வயல்களும் தென்படுகின்றன, கிழக்கே 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த வாந்தூ மலை தெரிகிறது. கடையில் நாம் பார்க்கும் கோட் தூ ரோன் பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தெற்குப் பகுதியிலிருந்து வருபவையே. இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

‘டிரை’ என்கிறார்கள். ஆனால் வாயில் பழ இனிப்புத் தெரிகிறதே?

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. அநேகமாக எல்லாச் சர்க்கரையும் தீர்ந்த பிறகு நிற்பதைத்தான் டிரை ஒயின் என்கிறோம். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை மிஞ்சியிருக்கலாம். அந்த அளவு நாக்குக்கு இனிப்பாகப் படாது.

நீங்கள் உணர்வது சர்க்கரையை அன்று. முற்றிப் பழுத்த பழத்தின் வாசனை மூக்கின் வழியே இனிப்பை நினைவூட்டுகிறது. 14 சதவீத அளவிலான ஆல்கஹாலும் மெல்லிய இனிப்புணர்வைத் தரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு பருகினால் அந்த ‘இனிப்பு’ பெருமளவு மறைந்துவிடுவதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

நடுத்தரக் கனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். தெற்கு ரோன் ஒயினின் நடுப்பகுதி மாணிக்கச் சிவப்பாக இருக்கும். விளிம்புக்கு வர வர நிறம் வெளுக்கும். அடியில் எழுத்துகள் அச்சிட்ட தாளை வைத்தால் விளிம்பினூடே அவற்றைப் படித்துவிடலாம். அடர்ந்த கறுப்புச் சிவப்பாக, ஒளி புகாமல் இருக்கும் ஒயின்களும் உண்டு; இது அந்த இனமன்று.

பிறகு ஒரு மிடறு பருகி, வாயில் சற்று நேரம் வைத்திருங்கள். முதலில் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி போன்ற சிவந்த பழங்களின் சுவை வரும். பின்னால் மிளகு எட்டிப்பார்க்கும். விழுங்கியபின் ஈறுகளில் ஒரு துவர்ப்பு நிற்கும். கொட்டைப்பாக்கை மென்றால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே வகைப் பொருளான டானின்தான் இங்கும் காரணம், ஆனால் மிக மென்மையாக. இந்தத் துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, நாக்கில் உணரும் அடர்த்தி ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் கனம் என்கிறார்கள். கோட் தூ ரோனில் துவர்ப்பும் அடர்த்தியும் மிதமாக இருப்பதால் ‘நடுத்தரம்’ பொருந்துகிறது. ஆல்கஹால் மட்டும் மிதமன்று என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே திராட்சையில் செய்யாமல் ஏன் கலக்கிறார்கள்? மட்டமான ஒயினை மறைக்கத்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் அழுத்தமாக மறுப்பதும் இதைத்தான். தெற்கு ரோனில் கலப்பது என்பது அந்த நிலத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பப் பல தலைமுறைகளாகத் திருந்தி வந்த விவசாய அறிவு. முதன்மைத் திராட்சையான கிரெனாஷ், வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும். தண்டு உறுதியானது என்பதால் வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் காற்றுக்கும் எளிதில் ஒடியாது. அந்தக் காற்று மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆனால் கிரெனாஷின் தோல் மெல்லியது. நிறம் குறைவு, புளிப்பும் குறைவு. பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறிக்கொண்டே போவதால் ஆல்கஹாலும் ஏறும். காற்றுப் பட்டால் சீக்கிரம் நிறம் மங்கிப் புத்துணர்வை இழக்கும். பூக்கும் பருவத்தில் குளிரோ மழையோ வந்தால் பிஞ்சு பிடிக்காமல் விளைச்சல் சரிந்துவிடும்.

இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக மற்றத் திராட்சைகள் ஈடுசெய்கின்றன. சிரா அடர்ந்த நிறத்தையும் மிளகு வாசனையையும் தருகிறது. ஆனால் அதன் இளந்தண்டு காற்றில் ஒடிவதால் கம்பி கட்டி வளர்க்க வேண்டும், கடும் வெயிலிலும் சோர்ந்துபோகும். மூர்வெத்ர் துவர்ப்பையும், காற்றால் கெடாமல் காக்கும் தன்மையையும் கொண்டுவருகிறது. ஆனால் கடைசியாகப் பழுப்பது அதுதான் என்பதால் மிகவும் வெப்பமான இடங்களில் மட்டுமே முழுமை பெறும். சேன்சோ கனத்தைக் குறைத்து மலர் மணத்தைக் கூட்டும். பழைய கரிஞான் கொடிகள் புளிப்பைச் சேர்க்கும்.

ஒரு திராட்சை நொடித்த ஆண்டில் இன்னொன்று கைகொடுக்கும் என்பதும் விவசாயிக்குப் பெரிய பாதுகாப்பு. இந்தப் பகுதியிலேயே மிகுந்த மதிப்புப் பெற்ற ஷாத்தோநெஃப் தூ பாப் ஒயினுக்கும் மரபாகப் பதின்மூன்று வகைத் திராட்சைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. கலப்பது தரக்குறைவின் அடையாளமாக இருந்தால், அந்த ஊரே முதலில் அதைக் கைவிட்டிருக்கும்.

கலப்பது எப்போது நடக்கிறது? பாட்டிலில் அடைக்கும்போதா?

மிகவும் முன்னதாகவே. திராட்சைகள் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை: சிரா முந்தும், கிரெனாஷ் பின்தொடரும், மூர்வெத்ர் கடைசி. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில் நொதிக்கவைத்து, பின்னர் ஒவ்வொரு தொட்டியையும் சுவைத்து, எந்த அளவில் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது பரவலான முறை. ஒயின் செய்பவரின் நாக்குக்கும் பொறுமைக்கும் உண்மையான சோதனை அந்த நாட்களில்தான். கலந்த பின் சில மாதங்கள் தொட்டியில் ஒன்றோடொன்று இணைய விட்டுப் பிறகே அடைக்கிறார்கள். பல வகைகளை ஒன்றாகப் பறித்து ஒரே தொட்டியில் நொதிக்கவைப்பவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகப் பழைய கொடிகள் கலந்து நடப்பட்டிருக்கும் தோட்டங்களில்.

லேபிளில் திராட்சையின் பெயரே இல்லையே, எப்படி நம்பி வாங்குவது?

இடத்தின் பெயரே உறுதிமொழி என்பதுதான் பிரான்சின் முறை. எந்தத் திராட்சைகள், ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல், குறைந்தது எவ்வளவு ஆல்கஹால் என்பதெல்லாம் இடப்பெயருக்குள்ளேயே விதியாக அடங்கியிருக்கின்றன. இந்த எண்ணத்தின் வேர்களும் இதே பகுதியில் இருக்கின்றன. 1737-இல் ரோக்மோர் துறைமுகத்திலிருந்து அனுப்பும் பீப்பாய்களில், போலிகளைத் தடுக்க, கோட் தூ ரோனின் பிரெஞ்சு முதலெழுத்துகளான சி.டி.ஆர். என்பதைச் சூட்டுக்குறியாக இட வேண்டும் என்று அரசாணை பிறந்தது. 1920-களில் ஷாத்தோநெஃப் விவசாயிகளுக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் பரோன் பியேர் லெ ருவா, ஊரின் பெயரைப் பயன்படுத்துவதற்குக் கடும் விதிகளை வகுத்து நீதிமன்றம் வரை போராடினார். பிரான்சு முழுமைக்குமான இடப்பெயர்ச் சட்டம் 1935-இல் வந்தபோது அவருடைய விதிகள் அதற்கு முன்மாதிரியாக இருந்தன.

வாங்கும்போது நான்கு இடங்களைப் பாருங்கள். அறுவடை ஆண்டு, ஆல்கஹால் சதவீதம், தயாரிப்பாளரின் ஊர், பாட்டிலில் அடைத்தது யார் என்று சிறு எழுத்தில் இருக்கும் பிரெஞ்சு வரி. அந்த வரியில் ‘மீஸான் பூத்தேய்’ என்பதைத் தொடர்ந்து தோட்டம், உடைமை, ஷாத்தோ என்ற பொருளில் சொல் வந்தால் விளைவித்த இடத்திலேயே அடைத்தது. பின்புற லேபிளில் திராட்சைகளின் விகிதத்தைத் தாமாகவே எழுதும் தயாரிப்பாளர்களும் பலர்.

‘வில்லாஜ்’ என்று கூடுதலாக ஒரு சொல் இருந்தால் நல்லதா?

பெரும்பாலும் ஆம். படிநிலை கீழிருந்து மேலாகச் செல்கிறது. அடியில் வெறும் கோட் தூ ரோன். அதற்கு மேல் கோட் தூ ரோன் வில்லாஜ். குறைவான ஊர்களுக்கே அந்த உரிமை, விளைச்சல் வரம்பும் இறுக்கமானது. அதற்கும் மேலே, சப்லே, செகுரே, விசான் போன்று தம் ஊர்ப் பெயரையும் சேர்த்து அச்சிட அனுமதி பெற்றவை. உச்சியில் கோட் தூ ரோன் என்ற பெயரே லேபிளில் தேவைப்படாமல் தம் பெயரால் மட்டுமே விற்கும் ஊர்கள்.

இந்த ஏணியில் ஊர்கள் ஏறியும் இருக்கின்றன. ஜிகோந்தாஸ் 1971-இலும், வக்கேராஸ் 1990-இலும், கெரான் 2016-இலும் தனிப்பெயர் பெற்றன. என் கருத்தில், கொடுக்கும் காசுக்கு அதிகம் கிடைப்பது நடுப்படிகளில்தான். ஊர்ப்பெயர் தாங்கிய வில்லாஜ் பாட்டில்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஷாத்தோநெஃப் தூ பாப்பும் கிரெனாஷ் கலவைதானே, பிறகு ஏன் அவ்வளவு விலை?

அங்கே ஒரு ஹெக்டேருக்குப் பொதுவாக 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்) ஒயினுக்கு மேல் எடுக்கக் கூடாது. சாதாரணக் கோட் தூ ரோனில் அந்த வரம்பு 50-ஐ ஒட்டியது. இயந்திரத்தால் பறிக்கவும் அனுமதி இல்லை. கொடி குறைவாகக் காய்த்தால் ஒவ்வொரு பழத்திலும் சாறு செறியும். சில தோட்டங்களில் மண்ணே தெரியாத அளவுக்கு உருண்டைக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்கின்றன. பகலில் வாங்கிய வெப்பத்தை அவை இரவில் வெளியிடுகின்றன.

பெயருக்கும் ஒரு விலை உண்டு. ‘பாப்’ என்றால் பிரெஞ்சில் போப், அதாவது திருத்தந்தை. திருத்தந்தையர்கள் 1309 முதல் 1377 வரை அவின்யோனில் வாழ்ந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் யோவான் தம் கோடைக்கால மாளிகையை இந்த ஊரில்தான் எழுப்பினார். அந்தப் புகழுக்குச் சேர்த்தே பணம் தருகிறோம்.

மிளகு, தைம் வாசனை வருகிறது. மசாலா ஏதாவது சேர்க்கிறார்களா?

எதையும் சேர்ப்பதில்லை. மிளகு வாசனைக்கு ரொட்டுண்டோன் என்ற சேர்மம் காரணம். சிரா திராட்சையின் தோலில் இயற்கையாக உண்டாகும் இந்தச் சேர்மம், நம் சமையலறைக் கறுப்பு மிளகில் இருக்கும் அதே சேர்மம்தான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இதை அடையாளம் கண்டார்கள். ஆகவே ‘மிளகு மாதிரி’ என்று சொல்பவர் கற்பனையாகப் பேசவில்லை.

தைம், ரோஸ்மேரி, லாவெண்டர் முதலிய நறுஞ்செடிகள் தோட்டங்களைச் சுற்றியுள்ள வறண்ட புதர்க்காடுகளில் தாமாகவே வளர்கின்றன. அந்த நிலத்தின் மணத்தை ஒத்த உலர்மூலிகை வாசனை கிரெனாஷ் கலவைகளில் அடிக்கடி தென்படுகிறது.

ஓக் பீப்பாயில் வைக்கவில்லை என்கிறார்களே, மலிவானது என்பதாலா?

மேலே சொன்னபடி கிரெனாஷ் காற்றுக்கு அஞ்சும் திராட்சை. சிறு மரப்பீப்பாய் சிறுகச் சிறுகக் காற்றை உள்ளே விடும்; கிரெனாஷின் பழச்சுவை அதில் வாடிவிடும். ஆகவே இந்தப் பகுதியில் சிமென்ட் தொட்டிகளும் பெரிய பழைய மரத்தொட்டிகளும்தான் மரபு. விலையுயர்ந்த ஒயின்களைக்கூடப் பலர் சிமென்ட் தொட்டியிலேயே வைக்கிறார்கள்.

நிறைய நாள் வைத்திருந்தால் சுவை கூடுமா?

சாதாரணக் கோட் தூ ரோன் இளமையில் பருகுவதற்கானது. அறுவடையிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் திறந்துவிடுங்கள். நல்ல வில்லாஜ் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். ஜிகோந்தாஸ், ஷாத்தோநெஃப் போன்றவை நல்ல ஆண்டில் பத்து ஆண்டுகளையும் தாண்டும். எதுவாயினும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள். ஒயினைக் கெடுப்பதில் வெப்பத்துக்கு இணை எதுவும் இல்லை.

சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது, அறை வெப்பத்தில்தான் பருக வேண்டும் என்பது சரிதானே?

அந்த ‘அறை’ குளிர்நாட்டுப் பழைய கல்வீட்டு அறை. இந்த ஒயினுக்கு 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் பொருத்தம். 30 டிகிரி வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். பழத்தின் மணம் அமுங்கிவிடும். வெப்பமான ஊரில் இருப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்தெடுக்கத் தயங்க வேண்டாம். திறந்து மிஞ்சியதைக் கார்க்கால் மூடி, பெட்டிக்குள்ளேயே வைத்து, இரண்டு மூன்று நாட்களில் முடித்துவிடுங்கள்.

நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகுமா?

இந்த ஒயின் தன் ஊரில் மூலிகை தடவிச் சுட்ட ஆட்டிறைச்சி, ஒயினிலேயே மெல்ல வெந்த மாட்டிறைச்சி, கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த ராத்தத்தூய் ஆகியவற்றோடு வளர்ந்தது. துவர்ப்புத் தரும் டானின், இறைச்சியின் புரதத்தோடு இணைந்து மென்மையாகிவிடும் என்பதால் அந்தச் சேர்க்கை இயல்பாக அமைகிறது.

நம் சமையலில் மிளகாய்தான் தடை. வாயில் சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை மிளகாயும் ஆல்கஹாலும் தூண்டுவதால் இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். புளி தூக்கலான குழம்போடு, புளிப்புக் குறைந்த கிரெனாஷ் சப்பென்று ஆகிவிடும். காரம் குறைத்த மிளகுக்கறி, கறி பிரட்டல், எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய் ஆகியவற்றோடு நன்றாகவே சேரும்.

அடியில் கசடு இருந்தது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. நிறப்பொருளும் டானினும் காலப்போக்கில் இணைந்து கனமாகிப் படிகின்றன. வடிகட்டாமல் அடைத்த ஒயினில் இது இயல்பு. பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் ஊற்றி, கடைசி மிடற்றை விட்டுவிடுங்கள். ஈர அட்டைப்பெட்டி வாசனையோ வினிகர் வாசனையோ வந்தால்தான் கெட்டது என்று பொருள்.

நான் சைவம். ஒயினில் விலங்குப் பொருள் ஏதும் இருக்குமா?

திராட்சையும் ஈஸ்டும் சைவம்தான். ஐயம் எழுவது தெளியவைக்கும் கட்டத்தில். கலங்கலை நீக்க முட்டை வெண்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றில் ஒன்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பின்னர் கசடோடு அது நீக்கப்பட்டாலும், பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான். களிமண் வகையான பென்டோனைட்டைப் பயன்படுத்துபவர்களும், முந்திய பதிலில் சொன்னதுபோல் எதையும் செய்யாமல் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘வீகன்’ என்று லேபிளில் குறித்திருப்பதை வாங்குவதே உறுதியான வழி.

சல்பைட்தான் தலைவலிக்குக் காரணம் என்கிறார்கள். இதயத்துக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

ஐரோப்பாவில் டிரை சிவப்பு ஒயினில் சல்பைட் வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம். வெள்ளை ஒயினுக்கு அதைவிட அதிகமாக 200. வெள்ளை ஒயினில் வராத தலைவலி சிவப்பில் மட்டும் வந்தால் சல்பைட்டைக் குற்றம் சொல்வது பொருந்தாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் உண்மையிலேயே ஒவ்வாது. அவர்கள் தவிர்க்க வேண்டும்.

இதய நலம் பற்றிய பேச்சு 1990-களில் பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல், ஆல்கஹாலில் தீங்கற்ற அளவு என்று எதுவுமே இல்லை எனத் தெளிவாக அறிவித்துவிட்டது. 14 சதவீத ஒயின் 150 மில்லி என்றால் அதில் 16 கிராமுக்கு மேல் தூய ஆல்கஹால் இருக்கிறது. சுவைக்காகக் குறைவாகப் பருகுவது வேறு. மருந்தென்று எண்ணிப் பருக வேண்டாம். கர்ப்பிணிகளும் வண்டி ஓட்டப் போகிறவர்களும் தொடவே கூடாது.

பிரெஞ்சுக் கொடிகளின் வேர் அமெரிக்காவுடையது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, அந்தத் துயரக் கதையின் தொடக்கமும் இதே பகுதிதான். 1860-களின் தொடக்கத்தில், மேலே சொன்ன ரோக்மோரில் ஒரு வணிகர் அமெரிக்கக் கொடிகளை வரவழைத்து நட்டார். அவற்றின் வேரில் ஃபிலோக்செரா என்ற நுண்பூச்சி ஒட்டி வந்தது. 1863-இல் அருகிலுள்ள தோட்டங்கள் காரணம் தெரியாமல் வாடின. தாவரவியலாளர் ழூல் எமில் பிளான்ஷோனும் உடனிருந்தோரும் 1868-இல் பூச்சியைக் கண்டுபிடிப்பதற்குள் நோய் பரவிவிட்டது. பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதித் தோட்டங்கள் அழிந்தன. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே மீண்டும் நட்டார்கள். பழத்தின் இயல்பை மேற்பகுதிதான் தீர்மானிக்கிறது. எனவே கிரெனாஷ் கிரெனாஷாகவே இருக்கிறது.

முன்பு 13 சதவீதம் இருந்தது, இப்போது 14.5 போடுகிறார்கள். கலவையை மாற்றிச் சரிசெய்ய முடியாதா?

கோடை வெப்பமாவதால் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. ஆனால் தோலும் விதையும் முதிர இன்னும் நாள் தேவை. சீக்கிரம் பறித்தால் பச்சைத் துவர்ப்பு, காத்திருந்தால் ஆல்கஹால். விதி கேட்கும் குறைந்த அளவு 11 சதவீதம்தான் என்றாலும் இன்றைய வெயிலில் கிரெனாஷ் அதை எளிதாகத் தாண்டிவிடுகிறது. அறுவடையும் முன்னைவிட முந்திவிட்டது.

ஓரளவுக்குச் சரிசெய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். ஆல்கஹால் குறைவாக ஏறும் சேன்சோ, புளிப்பைக் காக்கும் கரிஞான், கூனுவாஸ் ஆகியவற்றுக்கு மதிப்பு கூடியிருக்கிறது; மட்டமானவை என்று ஒரு காலத்தில் பிடுங்கி எறியப்பட்ட பழைய கரிஞான் கொடிகளை இன்று தேடிக் காப்பாற்றுகிறார்கள். சிலர் உயரமான, வடக்கு நோக்கிய சரிவுகளுக்கு நகர்கிறார்கள். ஒரே திராட்சையை நம்பியிருக்கும் பகுதிகளுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் புதிதாக நட்ட கொடி நல்ல பழம் தர ஆண்டுகள் பிடிக்கும். இன்று விகிதத்தை மாற்றத் தீர்மானிப்பவர் அதன் பலனைப் பாட்டிலில் காணப் பத்தாண்டுகள் ஆகலாம். அதுவரை லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள், 13-க்கும் 13.5-க்கும் இடைப்பட்டவை இப்போதும் கிடைக்கின்றன.